பெட்டிக்குப் போட்ட சாம்பிராணி

மேடம், அந்த ஸ்க்ரூவைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒன்று சொல்லுங்க, சாம்பிராணிப் புகை உங்க பெட்டிக்கு ஆகுமா, ஆகாதா?

சும்மாதான் கேட்டேன். இல்லை, சும்மா கேட்கவில்லை. நீங்க அப்படி அந்தச் சுவர் நிழலில் உட்காருங்க. மோர் கொண்டுவந்திருக்கிறேன், குடித்துக்கொண்டே கேளுங்க. பெட்டி எங்கேயும் ஓடிவிடாது. கழட்டுறது அஞ்சு நிமிஷ வேலை, நான் சொல்லப்போவது அதைவிடக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

பெட்டி பழுது என்று எழுதித்தானே உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? பழுதெல்லாம் ஒன்றும் இல்லை மேடம். பெட்டி நல்லாத்தான் இருக்கு. பழுது நான்தான்.

சிரிக்காதீங்க. கீழே என் மாமியார் இருக்கிறார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் என்ன என்று மேலே ஏறி வந்துவிடுவார்கள். அப்புறம் நான் சொல்ல முடியாது.

அதோ தெரிகிறது பாருங்க, தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குழாய். அதுதான் எங்க ஊர் காஸ் பிளான்ட். பூமிக்கடியில் இருந்து வருகிற காஸை எரித்துக் கரண்டு எடுக்கிறார்கள். நாள் முழுக்க ஓடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுகிற நேரமாகப் பார்த்துத்தான் ஓடும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உய்ங்ங் என்று ஆரம்பிக்கும். ஆரம்பிக்கிற பத்து நிமிஷம் குழாயிலிருந்து பழுப்பாக ஒரு புகை வரும், கடுங்காப்பியில் தண்ணீரை ஊற்றிய மாதிரி. அப்புறம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததால் ஒன்றுமே இல்லை என்று பாதி ஊர் சொல்லும். மீதி ஊருக்கு மூக்கு எரியும்.

எங்க வீட்டில் என்ன வழக்கம் என்றால், விளக்கு வைக்கும்போது வாசல் கதவை விரியத் திறந்து வைக்க வேண்டும், லட்சுமி உள்ளே வர. கொல்லைக் கதவைச் சாத்திவிட வேண்டும், வந்தவள் அப்படியே வெளியே போய்விடாமல் இருக்க. அத்தை இதில் ரொம்பக் கண்டிப்பு. காற்று வாசல் பக்கமிருந்துதான் அடிக்கும். ஆக லட்சுமி வருகிற நேரமும் அந்தப் பழுப்பு வருகிற நேரமும் ஒன்று. ரெண்டு பேரும் சேர்ந்தே உள்ளே வருவார்கள். கொல்லைக் கதவு சாத்தியிருக்கிறதா, வந்தது ரெண்டும் வெளியே போக வழியில்லை.

என் மகள் ஓவியாவுக்கு நாலு வயதில் இழுப்பு ஆரம்பித்தது. இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாலையில் விளையாடிவிட்டு வந்து என் மடியில் சாய்ந்தால் உள்ளே விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும். இழுக்கிற மருந்து கொடுத்திருக்கிறார்கள், வாயில் வைத்து அமுக்குகிறது. டாக்டர் சொன்னார், "சாயங்காலத்துல சன்னல் கதவெல்லாம் சாத்தியே வைங்கம்மா." சாத்தினால் புழுக்கம் தாங்க முடிகிறதா? ஒரு ஏசி வாங்கினோம். எங்களைப் பார்த்து எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், எங்க தெருவில் மட்டும் ஏழு வீட்டில் மாட்டிவிட்டார்கள். எல்லா வீட்டிலும் குழந்தை இருக்கிறதே.

ஊர்ப் பெண்களெல்லாம் சேர்ந்து மனு எழுதினோம். என் கையெழுத்து நல்லா இருக்கும் என்று என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். குழாயில் அந்த நச்சைப் பிடித்துவைக்கிற கருவி ஒன்று இருக்கிறதாமே, அதை மாட்டச் சொல்லித்தான் மனு. உங்க மாசுக்கட்டுப்பாட்டு ஆபீசில் என்ன சொன்னார்கள்? "அளந்து பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். அளவு கூடுதலா இருந்தா மாட்டச் சொல்லுவோம்." நியாயம்தான். அளக்கத்தான் இந்தப் பெட்டி வந்தது. மாடி வீடு, பிளக் பாயின்ட் இருக்கு, காற்று நேராக இந்தப் பக்கம் அடிக்குது என்று எங்க மாடியில் வைத்தார்கள். சித்திரை மாசம். நான் அன்றைக்கே பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். அதோ, அந்த ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருக்கு பாருங்க. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டலாம் என்றுதான் நினைத்தேன், மாட்டின தம்பி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அக்கா, அது மட்டும் வேணாங்க்கா."

அந்தத் தம்பிதான் சொல்லிக்கொடுத்தார். சின்னத் திரையில் முதல் வரி தூசி. ரெண்டாவது வரி அந்த நைட்ரஜன் சமாசாரம். காஸில் கரியும் இல்லை, சாம்பலும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற சூட்டில், நாம மூச்சு விடுகிற இதே காற்றில் இருக்கிற ரெண்டு சாமான் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வேறொன்றாகிவிடுமாம். அதுதான் நெஞ்சைப் பிடிக்கிறது. நான் தினமும் ஏறிப் பார்ப்பேன். விளக்கு வைத்து அரை மணி நேரத்தில் ரெண்டாவது வரி குதிக்கும். எனக்கும் நெஞ்சு குதிக்கும். மாட்டிக்கிட்டீங்கடா என்று கீழே இறங்கி வருவேன்.

ஆனி மாசம் ரிப்போர்ட் வந்தது. "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது."

எப்படி என்று கேட்டேன். உங்க ஆபீசுக்கே போன் போட்டுக் கேட்டேன். இருபத்து நாலு மணி நேரத்துக்குச் சராசரி போடுகிறார்களாம். மேடம், பிளான்ட் ஓடுறதே சாயங்காலம் ஒரு நாலஞ்சு மணி நேரம். மீதி இருபது மணி நேரம் காற்று பன்னீர் மாதிரி இருக்கும். ரெண்டையும் கலந்து வகுத்தால் என்ன வரும்? இப்போ கீழே இருக்கிறார்களே என் மாமியார், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்னைத் திட்டுவார்கள். இருபத்து நாலு மணி நேரத்துக்குச் சராசரி போட்டுப் பாருங்க, இந்தத் தாலுகாவிலேயே அவர்களை மாதிரித் தங்கமான மாமியார் கிடையாது. திட்டு வாங்குகிறவள் சராசரியாகவா மேடம் வாங்குகிறாள்?

மெதுவாச் சிரிங்க.

ஊரில் என்னைக் கேலி பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்குப் போனால், "என்ன வளர்மதி, உன் பெட்டிக்கு மூக்கடைப்பாமே?" என் வீட்டுக்காரர் குமரவேலும் சேர்ந்துகொண்டார். "ஒரு விக்ஸ் தடவி விடேன்." எனக்குக் கோபம். பெட்டி மேல் இல்லை, பாவம் அது. ஒத்தையாக எத்தனை மணி நேரம் இழுத்துப் பிடிக்கும்? சராசரிதானே குறையுது, நாம கொஞ்சம் கைகொடுத்து ஏற்றிவிடலாம் என்று தோன்றியது. பரீட்சையில் ரெண்டு மார்க்கில் கோட்டைவிடுகிற பிள்ளைக்கு டீச்சர் பார்த்துப் போடுகிறதில்லையா, அந்த மாதிரி. அந்தப் பாவத்துக்குத்தான் இப்போ உங்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆடி மாசம் ஒரு வியாழக்கிழமை. குழம்புத் தூளுக்கு மிளகாய் வறுக்க வேண்டியிருந்தது. இரும்படுப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன். சரியாகப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். ரெண்டு கிலோ மிளகாய். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஊற்றுகிறது, ஆனால் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் திரையைப் பார்க்கிறேன். முதல் வரி அறுபது... நூற்றிருபது... முந்நூறு! எனக்கு அப்படியொரு சந்தோஷம், பெற்ற பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குகிற மாதிரி. ரெண்டாவது வரி மட்டும் அசையவில்லை. அது அழுத்தக்காரி. போகட்டும், முதல் வரியாவது ஏறுதே என்று விட்டுவிட்டேன்.

தினம் ரெண்டு கிலோ மிளகாய் வறுக்க முடியாதே. மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தை வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுவிட்டுத் தூபக்காலை வைத்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். "எங்கடி தூக்கிட்டுப் போற?" என்றார்கள். "மாடிக்கும் போடணும்ல அத்தை, அதுவும் நம்ம வீடுதானே." அவர்களுக்கு ஒரே பூரிப்பு. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பற்றி எதிர்வீட்டில் நல்லபடியாகப் பேசினார்கள். "எங்க மருமகளுக்கு இப்பதான் பக்தி வந்திருக்கு."

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சாம்பிராணியோடு தேங்காய் மட்டையும் வேப்பிலையும் கொஞ்சம் போட்டால் புகை நின்று அடிக்கும். ஓவியாவைக் கீழே அறையில் வைத்துச் சாத்திவிட்டுத்தான் போடுவேன், அதில் நான் ஜாக்கிரதை.

அதில் ஒரு விஷயம் பாருங்க, அந்த வாரம் முழுக்கப் பிளான்ட் சத்தம் கேட்கவே இல்லை. நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "பெட்டியைப் பார்த்துப் பயந்துட்டாங்க. சத்தமில்லாம ஓட்டக் கத்துக்கிட்டாங்க." அவர், "பழுப்புப் புகையும் காணோமே?" என்றார். "அதான் சொல்றேன், புகை இல்லாமயும் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. எவ்வளவு கள்ளத்தனம் பாருங்க!"

புதன்கிழமை நான் தூபக்காலும் கையுமாக நிற்கிறேன், படியேறி வந்துவிட்டார் தாமோதரன் சார். பிளான்டில் இன்ஜினீயர். நல்ல மனிதர், பள்ளிக்கூடத்துக்கு மரக்கன்று கொடுக்க வருவார். வந்தவர் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார்.

"ஏம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"

"இல்ல சார், புதன்."

"அப்புறம் எதுக்குச் சாம்பிராணி?"

"ஆடி மாசம் சார். எல்லாக் கிழமையும் விசேஷம்தான்."

செல்லை எடுத்துக் காட்டினார். பெட்டியிலிருந்து நேராக உங்க ஆபீசுக்கு நம்பர் போகிறதாமே, எனக்கு யார் சொன்னார்கள்? உங்க ஆபீஸ் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு புகையா, விளக்கம் கொடுங்க என்று பிளான்டுக்கு எழுதியிருக்கிறார்கள். படத்தில் மலை மலையாக இருந்தது. எல்லாம் என் மலை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது, ஒரு நொடிதான்.

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "அம்மா, எங்க மெஷினைப் பிரிச்சுப் போட்டு ஆறு நாளாச்சு. வருஷத்துக்கு ஒருதடவை சர்வீஸ். உள்ளே இருக்கிற பிளேடெல்லாம் தரையில துணி விரிச்சு அடுக்கி வெச்சிருக்கோம். வேணும்னா வந்து பாருங்க. வெள்ளிக்கிழமையிலிருந்து குழாய்ல காக்கா உட்கார்ந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே உட்கார்ந்திருந்தது மேடம். ரெண்டு.

என் கையில் தூபக்கால் புகைந்துகொண்டே இருக்கு. அணைக்கவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த மோரைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார், "உங்க பேரை நான் எழுதலம்மா. பெட்டி பழுது, சித்திரையிலிருந்து அது காட்டின எதையும் நம்ப முடியாதுன்னு எழுதிடறேன். கழட்டிட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

போகும்போது பேச்சோடு பேச்சாக நான் கேட்டேன், "சார், முன்னெல்லாம் மூணு மணி நேரம்தான் ஓடும். இப்ப அஞ்சு மணி நேரம் ஓட்டுறீங்களே?" அவர் சொன்னார், "நாங்களா ஆசைப்பட்டு ஓட்டுறோம்? லோடு ஏறிப்போச்சும்மா. சாயங்காலம் ஆனா எல்லாரும் ஏசி போடுறாங்க. மேலேருந்து ஓட்டுன்னா ஓட்டணும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஊர்க்காரர்கள் மேடம் அப்படி ஈவு இரக்கமில்லாமல் ஏசி போடுகிறார்கள்? அவர்கள் சொகுசாகத் தூங்க எங்க பிள்ளைகள் புகையைக் குடிக்க வேண்டுமா? எங்க தெருவில் இருக்கிறது வெறும் ஏழு. அதுவும் ஒரு டன்தான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? மோர் புளிக்குதா?

என் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்றால், "அந்த ஆளு உன்னைக் காப்பாத்திவிட்டுட்டாரு. பொத்திக்கிட்டு இரு. ஊருக்குத் தெரிஞ்சா தலைகாட்ட முடியாது." ஒரு வாரமாகப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ராத்திரி பிள்ளை முதுகைத் தடவும்போது ஒன்று உறைத்தது. பெட்டி பழுது என்றால், சித்திரையிலிருந்து ரெண்டாவது வரி தினம் குதித்ததே, அதுவும் பொய்யாகிவிடும் இல்லையா? நான் போட்டது ஏழு நாள். அந்த ஏழு நாளுக்காக மூணு மாசத்து நிஜத்தைக் குப்பையில் போடலாமா? அவர் காப்பாற்றியது என்னை இல்லை மேடம். அந்தக் குழாயை.

அதனால் எழுதிக்கொள்ளுங்க. வியாழன் முதல் புதன் வரை, ஏழு நாள், முதல் வரி, என்னுடையது. மருதவாய்க்கால், குமரவேல் மனைவி வளர்மதி. கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மீதி நாள் எல்லாம் அவர்களுடையது. அதை அவர்கள் தலையில் எழுதுங்க.

தேதியா? தேதி சரியாகச் சொல்ல வேண்டும் என்றால் காலண்டரைக் கொண்டுவர வேண்டும். இருங்க.

இந்தாங்க. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டர், மஞ்சள் கறையாக இருக்கும், அடுப்படியில் தொங்குறது. இங்கே பாருங்க, வியாழக்கிழமை, "மி" என்று போட்டிருக்கிறேனே, மிளகாய். வெள்ளியிலிருந்து "சா". சாம்பிராணி. திருட்டு வேலை செய்தாலும் எழுதிவைத்துச் செய்வேன், அப்படி ஒரு பழக்கம்.

அந்தக் கோடுகளா? அது உங்களுக்கு வேண்டாம், அது ஓவியாவுக்கு மருந்து அமுக்கினது. எங்களுக்குக் கிடைக்கிற மருந்தில் எவ்வளவு மீதி இருக்கு என்று காட்டாது. இருநூறு தடவை அமுக்கினால் தீர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஒரு தடவைக்கு ஒரு கோடு. திடீரென்று தீர்ந்துபோய்ப் பிள்ளை திணறக்கூடாது பாருங்க. சித்திரையிலிருந்தும் இருக்கு, அதுக்கு முன்னாலும் இருக்கு. எல்லாம் சாயங்காலக் கோடுதான்.

ஆமாம், "சா" போட்ட நாளில் கோடு இல்லை. அதைத்தானே சொல்ல வந்தேன்! அந்த ஆறு நாளும் பிள்ளை மருந்தே கேட்கவில்லை. சாயங்காலம் முழுக்க ஓடி விளையாடினாள். சாம்பிராணிக்கு அப்படி ஒரு குணம் மேடம். அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள், எதிர்வீட்டிலும் இப்போது தினம் போடுகிறார்கள். நான் நிறுத்தினேன், பாருங்க, சனிக்கிழமையே மூணு கோடு.

என்ன கேட்டீங்க? வியாழனும் வெள்ளியுமா?

அந்த ரெண்டு நாளும் சாம்பிராணி போடவில்லை. தாமோதரன் சார் வந்து போன பயத்தில் வெள்ளிக்கிழமைக்கு வழக்கமாகப் போடுறதுகூட வேண்டாம் என்று தூபக்காலை ஒளித்துவைத்துவிட்டேன். கோடு...

கோடும் இல்லை.

பிளான்ட் எப்போ மறுபடி ஓடியது? சனிக்கிழமை. விளக்கு வைக்கும்போது உய்ங்ங் என்றது. "வந்துட்டான்" என்று நான்தான் சொன்னேன்.

இருங்க மேடம். கொஞ்சம் இருங்க.

அப்போ என் பிள்ளை எட்டு நாள் நல்லா மூச்சு விட்டது எங்க சாம்பிராணியால் இல்லை. உங்களுக்கு மூணு மாசமாகப் பெட்டி சொல்லாததை என் அடுப்படிக் காலண்டர் சொல்லிக்கொண்டு தொங்கியிருக்கு. நான் என்ன செய்தேன்? மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன்!

படம் எடுத்துக்கொள்ளுங்க, தாராளமாக எடுங்க. அந்தப் பக்கமும் எடுங்க, அது ஆனி. புளிக்குழம்புக் கறையை மட்டும் பெரிசாக்கிக் காட்டாதீங்க. தெருவில் இன்னும் நாலு வீட்டில் இதே மருந்துதான், என்னைப் பார்த்து அவர்களும் கோடு போடுகிறார்கள். கேட்டு வாங்கித் தருகிறேன். ஆனால் அத்தையிடம் மட்டும் சாம்பிராணி விஷயத்தைச் சொல்லிவிடாதீங்க. எட்டு வருஷத்துக்கு அப்புறம் கிடைத்த நல்ல பேர்.

கோடும் பெட்டியும் ஒரே நாளில் ஒன்றாக ஏறினால்தான் செல்லுபடியாகும் என்கிறீங்க. அப்போ பெட்டி இருக்க வேண்டுமே? சரி, நீங்களே உங்க ஆபீசில் பேசுங்க. பழுது பெட்டி இல்லை, ஆள்தான் என்று எழுதுங்க. இன்னும் ஒரு மாசம் இங்கேயே இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்ன காட்டியது என்று தனித்தனியாக எடுங்க. அந்தச் சராசரியை மட்டும் என் மாமியாருக்கு வைத்துக்கொள்வோம்.

என்னை நம்ப வேண்டாம். நானே என்னை நம்பவில்லை. எண் இறங்கினால் எனக்குக் கை சும்மா இருக்காது. இந்தாங்க, மாடிக் கதவுச் சாவி. இது ஒன்றுதான் இருக்கு, இன்னொன்றைப் போன வருஷமே வாய்க்காலில் போட்டுவிட்டேன். நீங்களே பூட்டிக்கொண்டு போங்க. துணியை வாசலில் காயப்போட்டுக்கொள்வேன். கொத்தமல்லியும் மோர்மிளகாயும் எங்கே காயவைப்பேன் என்று தெரியவில்லை, அது என் பாடு.

ஒரே ஒரு உதவி மேடம். சாவியை என் வீட்டுக்காரர் கேட்டால் கொடுக்காதீங்க. அத்தை வந்து அழுதாலும் கொடுக்காதீங்க. பத்து நாள் கழித்து உங்க ஆபீஸ் வாசலில் நான் வந்து நிற்பேன், மோர்மிளகாய் கெட்டுப்போகுது, பிள்ளை பந்து மாடியில் விழுந்துவிட்டது, என்னென்னமோ சொல்வேன், நல்லாவே சொல்வேன். அப்போ என் முகத்தைப் பார்க்காதீங்க. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கேட்டால் மட்டும் கொடுத்துவிடாதீங்க.